தொழிலாளர் ஆய்வு இணையவழிக்கு மாறியபின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைக்கும் கடைக்கும் அரசு ஆய்வர் வந்து பார்க்கும் முறை, 2014 முதல் படிப்படியாகக் கணினிக்குள் வந்துவிட்டது. எங்கே போக வேண்டும், யார் போக வேண்டும், அறிக்கையை எப்போது தர வேண்டும் என்பதையெல்லாம் இன்று பெரும்பாலும் மென்பொருள் தீர்மானிக்கிறது. இதனால் யாருக்கு என்ன கிடைத்தது, எது விடுபட்டுப் போனது என்று தொழிலாளர்களும் சிறு பட்டறை நடத்துவோரும் சங்கப் பொறுப்பாளர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: தொழிலாளர் ஆய்வில் எந்தப் பகுதி கணினிக்கு மாறியிருக்கிறது?

ஆய்வு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. எந்த நிறுவனத்தைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பது, எந்த ஆய்வரை அனுப்புவது, நேரில் சென்று பார்ப்பது, தொழிலாளரிடம் பேசுவது, பதிவேடுகளைச் சரிபார்ப்பது, அறிக்கை எழுதுவது, குறை இருந்தால் நடவடிக்கை எடுப்பது, அந்த நடவடிக்கை முடிந்ததா என்று பின்தொடர்வது என்று அது நீளும். இவற்றுள் தேர்வு, அறிக்கை, பின்தொடர்தல், பதிவேடுகளின் ஒரு பகுதி ஆகியவை கணினிக்கு மாறியுள்ளன. நேரில் சென்று பார்ப்பதும் தொழிலாளரிடம் பேசுவதும் மனிதரின் வேலையாகவே இருக்கின்றன. இந்தப் பாகுபாட்டை மறந்துவிட்டு, ‘ஆய்வு டிஜிட்டல் ஆகிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கேள்வி: பழைய முறையை ஏன் மாற்ற வேண்டியிருந்தது?

எந்த நிறுவனத்துக்குப் போவது என்பதை ஆய்வரே முடிவு செய்தார் என்பதே முதல் காரணம். தொழில் நடத்துவோர் ‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ என்று குறை கூறியது இதைத்தான். ஒரே பட்டறைக்கு ஒரே அதிகாரி ஆண்டில் பலமுறை வருவதும், பக்கத்திலிருக்கும் பெரிய ஆலைக்கு ஒருமுறைகூடப் போகாமல் இருப்பதும் நடந்தன. போனதற்கும் போகாததற்கும் காரணம் எழுதிவைக்கும் கட்டாயம் இல்லாத இடத்தில் கையூட்டு வேர்விட்டது. மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), தொழிலாளர் அரசு காப்பீடு (ஈ.எஸ்.ஐ.), சுரங்கப் பாதுகாப்பு, தலைமைத் தொழிலாளர் ஆணையர் ஆகிய நான்கு அமைப்புகளும் தனித்தனி எண் கொடுத்து, தனித்தனியாக ஆய்வு செய்ததால், ஒன்றுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியாமல் போனது. ஈ.எஸ்.ஐ. கணக்கில் இருக்கும் தொழிலாளி பி.எஃப். கணக்கில் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தாலும் கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை.

முதலாளிகளின் குறையை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் வெளிவரும். பழைய முறையில் அதிகம் இழந்தவர் தொழிலாளரே. அறிக்கை எங்கோ ஒரு கோப்பில் கிடந்தது. தன் ஆலையில் ஆய்வு நடந்ததா, என்ன குறை எழுதப்பட்டது என்று அறியும் வழி அவருக்கு இல்லை.

கேள்வி: ‘ஷ்ரம் சுவிதா’ எப்படி இயங்குகிறது?

ஷ்ரம் சுவிதா என்பது மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் இணையதளம். 2014 அக்டோபர் 16 அன்று பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்ட இந்தத் தளத்தில், மேற்சொன்ன நான்கு மத்திய அமைப்புகளும் ஓரிடத்தில் கொண்டுவரப்பட்டன. நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர் அடையாள எண் வழங்கப்பட்டது. பெயரில் ‘தொழிலாளர்’ என்று இருந்தாலும் அது நிறுவனத்துக்கான எண். தொழிலாளருக்கு உரியது, அதே நாளில் தொடங்கி வைக்கப்பட்ட பி.எஃப். பொதுக் கணக்கு எண், அதாவது யூ.ஏ.என். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆய்வுகள் நான்கு வழிகளில் உருவாகின்றன. முன்கூட்டி வகுத்த அளவுகோல்களின்படி கணினி குலுக்கல் முறையில் தரும் பட்டியல் ஒன்று. கடுமையான விவகாரங்களுக்கான கட்டாயப் பட்டியல் ஒன்று. புகாரின் பேரில், மையத்தில் தரவுகளையும் சான்றுகளையும் பார்த்தபின் முடிவாகும் ஆய்வு ஒன்று. விபத்து போன்ற சூழலுக்கான அவசர ஆய்வு ஒன்று. ஆய்வர் தம் அறிக்கையை 72 மணி நேரத்துக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. மாநிலங்களுக்காக வகுக்கப்பட்ட தொழில் சீர்திருத்தத் திட்டங்களிலும், ஒரே நிறுவனத்தை ஒரே ஆய்வர் அடுத்தடுத்து இருமுறை ஆய்வு செய்யக் கூடாது என்ற நிபந்தனை இடம்பெற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில்வே, சுரங்கம், பெரிய துறைமுகங்கள், வங்கி, காப்பீடு போன்றவை மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டவை. திருப்பூர் பனியன் கம்பெனியோ திருநெல்வேலி ஜவுளிக்கடையோ மாநில அரசின் கீழ் வருபவை. அங்கே ஆய்வு செய்வது தமிழ்நாடு தொழிலாளர் துறையும், தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ஆகிய மத்திய அமைப்புகள் மட்டும் மாநில அரசின் கீழ் வரும் இடங்களிலும் ஆய்வு செய்பவை. ஆகவே ஒரே ஆலைக்குள் வெவ்வேறு அரசுகளின் வெவ்வேறு தளங்கள் நுழைகின்றன என்பதே இன்றைய நிலை.

கேள்வி: குலுக்கல் முறையில் ஆலையைத் தேர்ந்தெடுப்பது நியாயம்தானே?

லஞ்சத்தைக் குறைப்பதற்கு நியாயமான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கதவைத் தட்டப்போகிறோம் என்று ஆய்வருக்கே முன்பே தெரியாதபோது, ‘உங்கள் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவரால் விலை பேச முடியாது. ஆனால் உயிரைக் காப்பதற்குக் குலுக்கல் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்பதே என் உறுதியான கருத்து.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப்பின் வரும் செய்திகளில் திரும்பத் திரும்ப இடம்பெறும் காரணங்கள் சிலவே: உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டிருப்பார், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் ஓர் அறையில் இருந்திருப்பார்கள், மணிமருந்து கலக்கும் வேலை, அதற்கென ஒதுக்காத இடத்தில், சில நேரம் மரத்தடியில் நடந்திருக்கும். தீபாவளி ஆர்டர் நெருங்க நெருங்க இவை அத்தனையும் கூடும். குலுக்கலுக்குத் தீபாவளி தெரியாது. கோடை வெயிலில் மருந்து சூடேறுவதும் தெரியாது. துணிக்கடையையும் பட்டாசு ஆலையையும் அது ஒரே சீட்டாக எடுத்துப் போடும், அதற்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்காதவரை.

ஆகவே, குலுக்கலுக்கு முன் எடை போட வேண்டும். தொழிலின் தன்மை, முந்தைய விபத்து, முந்தைய ஆய்வில் எழுதிய குறை சரிசெய்யப்பட்டதா என்பது, ஒப்பந்தத் தொழிலாளர் விகிதம், பருவகாலம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து, மதிப்பெண் கூடிய ஆலைகளின் சீட்டுகள் அதிகம் விழும்படி செய்ய வேண்டும். அந்த மதிப்பெண் முறையை வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டும். எந்த ஆலை எப்போது வரும் என்பதைத்தான் மறைத்து வைக்க வேண்டுமே தவிர, எந்தக் காரணத்துக்காக வரும் என்பதை மறைக்கத் தேவையில்லை.

கேள்வி: முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வர் வருவதற்கு இனி இடமில்லையா?

இருக்க வேண்டும் என்பதே இந்தியா ஏற்றுக்கொண்ட கடமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை 1947 இல் உருவானது; 1949 இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. ஆய்வுக்கு உட்பட்ட எந்தப் பணியிடத்துக்குள்ளும் பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி நுழையும் உரிமை ஆய்வருக்கு உண்டு என்று அதன் 12ஆம் பிரிவும், பணியிடங்களைத் தேவையான அளவு அடிக்கடியும் முழுமையாகவும் ஆய்வு செய்ய வேண்டும் என்று 16ஆம் பிரிவும் கூறுகின்றன. நிர்வாகத்தார் இல்லாமல் தொழிலாளரைத் தனியே விசாரிக்கும் உரிமையும் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

கணினிப் பட்டியலில் பெயர் வராத இடத்துக்கு ஆய்வர் போகவே கூடாது என்று ஒரு முறை வகுக்கப்பட்டால், அது இந்த உடன்படிக்கையின் உயிர்நாடியில் கைவைப்பதாகும். தெருவில் போகும்போது எரிவாயு நெடி வருகிறது, உள்ளே போய்ப் பார்ப்பேன் என்று ஓர் ஆய்வர் சொன்னால், ‘உங்கள் பட்டியலில் இல்லை’ என்று மென்பொருள் தடுக்கக் கூடாது. போய்ப் பார்த்துவிட்டு, ஏன் போனேன் என்ற காரணத்தை அன்றே தளத்தில் எழுதட்டும். கட்டுப்பாட்டுக்கு அது போதும்.

கேள்வி: தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தே மோசடியைக் கண்டுபிடித்துவிட முடியாதா?

நிறையவே கண்டுபிடிக்கலாம், இந்த முறையின் பெரும் பலமே அதில்தான் இருக்கிறது. பி.எஃப். செலுத்தும் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் மின்னணுச் சலானுடன் தொழிலாளர் வாரியாக ஒரு பட்டியலைத் தருகிறது. அதில் பெயர், யூ.ஏ.என்., மொத்தச் சம்பளம், பி.எஃப். பிடித்த சம்பளம் ஆகியவற்றோடு, சம்பளம் இல்லாத நாட்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டமும் இருக்கும். அந்தச் சின்னக் கட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அறுபது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் அறுபது பேருக்கும் மாதம் தவறாமல் எட்டு நாள் சம்பளமில்லை என்று காட்டியிருந்தால், அறுபது பேரும் ஒன்றாகவா விடுப்பு எடுத்தார்கள்? குறைந்தபட்சக் கூலியை நாளுக்குச் சரியாகக் காட்டிவிட்டு, நாட்களைக் குறைத்து, மிச்சத்தை வவுச்சரில் கையில் கொடுக்கும் பழைய வித்தை இது. ஓ.டி. பணமும் அந்த வவுச்சருக்குள் மறைந்துவிடும். ஆயிரம் ஆலைகளின் பட்டியலிலிருந்து இப்படிப்பட்டவற்றை மட்டும் பிரித்தெடுப்பது மனிதருக்கு மாதக்கணக்கான வேலை. கணினிக்குச் சில நிமிட வேலை.

ஆனால் சட்டம் தெரியாத ஒப்பீடு நிரபராதியையும் பிடிக்கும். ஒரு கம்பெனி ஈ.எஸ்.ஐ.யில் 90 பேரையும் பி.எஃப்.இல் 70 பேரையும் காட்டினால், உடனே ‘20 பேரை மறைத்துவிட்டார்’ என்று முடிவு கட்ட முடியாது. ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21,000 ரூபாய், பி.எஃப்.இன் கட்டாய வரம்பு 15,000 ரூபாய். இடைப்பட்ட சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவர் சட்டப்படியே பி.எஃப்.க்கு வெளியே இருக்கலாம். கணினி தருவது சந்தேகத்தை மட்டுமே. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அறிவிப்பு அனுப்பத் தொடங்கினால், ஒழுங்காக நடத்துபவருக்கும் இந்த முறையின் மேல் நம்பிக்கை போய்விடும்.

கேள்வி: அப்படியானால் நேரில் போக வேண்டிய தேவை என்ன?

கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கைகளும் பொத்தானில் இருப்பதால் விரல் உள்ளே போகாது. அங்கே இடதுபக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தது. ஒரு கையால் தகட்டை உள்ளே தள்ளிக்கொண்டே மறுகையால் அழுத்தினால் மணிக்கு இன்னும் எத்தனையோ உருப்படிகள் கூடுதலாக விழும். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் அந்தத் தம்பிக்கு அது கூலி. டேப்பின் ஓரம் எண்ணெய் பட்டுப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அதாவது அது அன்றைக்கு ஒட்டியது அல்ல. சரிபார்ப்புப் பட்டியலில் ‘இருகைக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டுள்ளதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினால் அது பொய்யில்லை. பொருத்தப்பட்டுத்தான் இருந்தது.

கடைகளிலும் இப்படித்தான். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் விற்பனைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. நாற்காலி வாங்கிய ரசீதைத் தளத்தில் ஏற்றிவிடலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறாரா என்பது, மாலை ஏழு மணிக்குக் கடைக்குள் போய் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: வேறு நாடுகளின் அனுபவம் என்ன?

வங்கதேசத்தின் அனுபவத்தை நாம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் பனியன் தொழிலுக்கும் அவர்கள் தொழிலுக்கும் சந்தை ஒன்றே. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளை மூடப்பட்டது. மேல்தளங்களின் தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். அதன்பின் ஆய்வுத் துறை வலுப்படுத்தப்பட்டு, 2018 இல் ‘லிமா’ என்ற ஆய்வு மேலாண்மைச் செயலியும் வந்தது. ஏற்றுமதி ஆடை ஆலைகளின் பாதுகாப்பு மேம்பட்டது உண்மை. ஆனாலும் 2021 ஜூலையில் நாராயண்கஞ்ச் மாவட்டத்தில் ஓர் உணவுப் பொருள் ஆலை தீப்பிடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெளியேறும் வழி பூட்டியிருந்ததும், குழந்தைத் தொழிலாளர் உள்ளே இருந்ததும் தெரியவந்தன. செயலி இருந்தும் அந்தப் பூட்டை யாரும் திறந்து வைக்கவில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தின் அனுபவம் வேறு மாதிரியானது. அங்கே வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு நன்கு பழக்கமானது. 2009 முதல், சம்பளம் வங்கி வழியாகவே போக வேண்டும், போகாவிட்டால் அமைச்சகத்தின் திரையில் தெரிந்துவிடும் என்ற ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. சம்பளம் தாமதமாவதைப் பிடிக்க அது நல்ல கருவி. வங்கியில் விழுந்த பணத்தில் ஒரு பகுதியை ஏ.டி.எம். வாசலிலேயே திரும்ப வாங்கிக்கொள்பவரைப் பிடிக்க அது உதவாது.

கேள்வி: இணையவழியில் புகார் செய்தால் என் பெயர் முதலாளிக்குத் தெரிந்துவிடுமா?

தெரியக் கூடாது. புகார் செய்தவர் யார் என்பதை முற்றிலும் இரகசியமாக வைக்க வேண்டும் என்பதோடு, புகாரின் பேரில்தான் இந்த ஆய்வு நடக்கிறது என்பதைக்கூட முதலாளியிடம் ஆய்வர் தெரிவிக்கக் கூடாது என்று 81ஆம் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு கூறுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் பெயரைச் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே மென்பொருளை வடிவமைப்பவருக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. நிறுவனம் தன் எண்ணைக் கொண்டு உள்நுழைந்து அறிக்கையைப் பார்க்கும்போது, ‘ஆய்வின் வகை: புகார்’ என்று ஒரு வரி தெரிந்தாலே இரகசியம் உடைந்துவிட்டது. அந்த வரி முதலாளியின் திரையில் வரக் கூடாது. அறிவிப்புக் கடிதத்திலும் வரக் கூடாது. புகார் வந்த ஆலையோடு பக்கத்து ஆலைகள் இரண்டையும் சேர்த்து அதே வாரத்தில் ஆய்வு செய்வது, அனுபவமுள்ள ஆய்வர்கள் கையாளும் எளிய உத்தி. அதை மென்பொருளிலேயே ஏற்றிவிடலாம்.

கேள்வி: சிறு பட்டறை நடத்தும் எனக்கு இதில் நன்மை உண்டா?

உண்டு. 2017 இல் மத்திய அரசு பல தொழிலாளர் சட்டங்களின் கீழ் வைத்திருக்க வேண்டிய 56 பதிவேடுகளை ஐந்து பொதுப் பதிவேடுகளாகக் குறைத்தது. அவற்றைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளவும் வழி செய்தது. மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டைக் கட்டுக்கட்டாகச் சுமக்கும் காலம் போய்க்கொண்டிருக்கிறது. அறிக்கை தளத்தில் ஏறிவிடுவதால், ஆய்வர் எழுதாத ஒரு குறையைச் சொல்லி உங்களை மீண்டும் யாரும் மிரட்ட முடியாது. தளத்தில் உங்கள் அலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்; ஆடிட்டர் அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அறிவிப்பு வந்ததே தெரியாமல் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர்.

கேள்வி: புதிய சட்டத் தொகுப்புகள் எதை மாற்றுகின்றன?

29 தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. இவற்றில் ஆய்வர் என்ற பதவி, ஆய்வு செய்பவரும் உதவி புரிபவரும் என்ற பொருள்படும் இரட்டைப் பெயரைப் பெறுகிறது. இணையவழி ஆய்வுக்கும் குலுக்கல் தேர்வுக்கும் சட்டத்திலேயே இடம் தரப்படுகிறது. ஊதியத் தொகுப்பின்படி, வழக்குத் தொடுப்பதற்கு முன் குறையைச் சரிசெய்ய முதலாளிக்குக் காலக்கெடு தர வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அதே வகைக் குற்றம் திரும்ப நடந்தால் அந்த வாய்ப்பு இல்லை. ‘திரும்ப நடந்ததா’ என்பதை நினைவில் வைத்திருக்கக்கூடியது ஒரு நல்ல தரவுத்தளம்தான். ஆலையின் பெயர் மாறினாலும், உரிமையாளரின் மனைவி பெயரில் புது எண் வாங்கினாலும், முந்தைய குற்றம் கூடவே வரும்படி அந்தத் தரவுத்தளம் அமைய வேண்டும்.

கவலைக்குரிய இன்னொரு மாற்றமும் இருக்கிறது. மின்விசையுடன் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது 1948 ஆம் ஆண்டுச் சட்டம். பணியிடப் பாதுகாப்பு பற்றிய புதிய தொகுப்பு அதை 20 ஆகவும், மின்விசை இல்லாத இடத்துக்கு 20 என்றிருந்ததை 40 ஆகவும் உயர்த்தியது. மேலே சொன்ன பவர் பிரஸ் பட்டறையில் அன்று வேலை செய்தவர்கள் பதினான்கு பேர்.

கேள்வி: கணினி வந்துவிட்டதால் குறைவான ஆய்வர்களே போதும் அல்லவா?

இல்லை. சந்தேகத்துக்குரிய இடங்களைக் கணினி அதிகமாகக் காட்டக் காட்ட, போய்ப் பார்க்க வேண்டிய கால்களும் அதிகமாக வேண்டும். தொழில்மயமாகிவரும் நாடுகளில் 15,000 தொழிலாளருக்கு ஓர் ஆய்வர், மிகவும் பின்தங்கிய நாடுகளில்கூட 40,000 பேருக்கு ஒருவர் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு முன்வைத்த உத்தேச அளவு. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் கைக்கணினி வாங்கிக் கொடுப்பது, மருத்துவர் இல்லாத மருத்துவமனைக்கு ஸ்கேன் கருவி வாங்குவது போன்றது.

கேள்வி: நான் தொழிலாளி. புகாரில் என்ன எழுதினால் அது பட்டியலில் மேலே வரும்?

புகாரை மையத்தில் சான்றுகளின் அடிப்படையில் எடைபோடுகிறார்கள் என்பதால், ‘எங்கள் கம்பெனியில் அநியாயம் நடக்கிறது’ என்று எழுதினால் அது அடியில் தங்கிவிடும். சம்பளச் சீட்டின் மேலே இருக்கும் நிறுவனத்தின் பெயரையும் பி.எஃப். குறியீட்டு எண்ணையும் எழுதுங்கள். உங்கள் யூ.ஏ.என். கொண்டு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, எந்த மாதத்துக்குப் பணம் ஏறவில்லை, எவ்வளவு சம்பளத்துக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறிப்பிடுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாட்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தின் படத்தை இணைக்கலாம். ஆபத்து பற்றிய புகார் என்றால், எந்த இயந்திரம், எந்த மாடி, எந்த வாசல் எந்த நேரத்தில் பூட்டப்படுகிறது என்று எழுதுங்கள். ஆய்வர் எந்த ஷிப்டில் வந்தால் அதைப் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புகார் எண் வந்தவுடன் அதை வீட்டில் ஒருவரிடமும் சங்கத்தில் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். கம்பெனி வளாகத்திலுள்ள வைஃபையையோ அலுவலகக் கணினியையோ புகாருக்குப் பயன்படுத்த வேண்டாம்.